மனப்பாடமாக இருந்த ஒரே எண்

முதல் சில மாதங்கள், அந்தக் குரல் எங்கள் முதலாளியின் அண்ணனுடையது என்றே நினைத்திருந்தேன். வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் தன் கைத்தொலைபேசியை நூற்கட்டைகள் அடுக்கியிருந்த தட்டில் சாய்த்து வைப்பார். அதிலிருந்து ஒரு கிழவர் இருமுவார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் ஏசத் தொடங்குவார்கள். ஏச்சு என்றுதான் எனக்குக் கேட்கும். ஆனால் முதலாளியின் முகம் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் சின்னத் தையல்கடை அது. காற்சட்டைக்கு நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது, கல்யாண உடுப்பை இடுப்பில் பிடிப்பது, இவைதான் வேலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முதலில் நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டியவள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து சிறுபிள்ளைகளின் பள்ளிகளில் சமையலறை வேலை பார்த்தேன். நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, மகளும் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பிடித்த வேலையில் வந்து உட்கார்ந்தேன். முதலாளி காஸாவிலிருந்து வந்தவர். அறுபதைத் தாண்டியவர், கனத்த தோள்கள், ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நொர்வேஜிய மொழியில் முதலாளிக்கு 'ஷெஃப்' என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'உக்தி' என்பார். அரபியில் சகோதரி என்று பொருளாம். நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த நொர்வேஜியனில்தான். ஆனால் எழுத உட்காரும்போது அவர் என் காதில் எங்கள் தமிழிலேயே பேசுகிறார். அதை நான் தடுக்கப் போவதில்லை.

பனிக்காலத்தில் அந்தக் கடைக்குள் இருப்பது தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவித் திரும்புவதற்குள் ஜன்னலுக்கு வெளியே நீலம் இறங்கிவிடும். ஸ்திரிக்கைப் பெட்டியின் ஆவி கண்ணாடியில் படியும். ட்ராம் போகும்போது நூற்கட்டைகளெல்லாம் மெல்ல நடுங்கும். தைத்துக்கொண்டே பாதி விழிப்பிலும் பாதி உறக்கத்திலும் இருப்பேன். அந்த நேரத்தில் வரும் கிழவரின் குரல், யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல எனக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் அரபி பேசும் வாடிக்கையாளர் ஒருவர் தன் மேற்சட்டையை எடுக்க வந்தார். தொலைபேசியில் வந்த குரலைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. சட்டையை வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் வரவேயில்லை.

"அவருக்கு என்ன நடந்தது, ஷெஃப்?" என்று கேட்டேன்.

"நான் எபிரேயம் கதைச்சது அவருக்குப் பிடிக்கேல்லை."

"உங்கட அண்ணையோட ஏன் எபிரேயம்?"

அவர் சத்தமாகச் சிரித்தார். "அண்ணையோ? அது முஅல்லிம். யூதர். டெல் அவிவ்காரர்."

அரபியில் முஅல்லிம் என்றாலும் முதலாளிதான். அன்று மாலை கடையைப் பூட்டும்வரை அவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

காஸாவில் அவருக்கு ஒரு தையற்சாலை இருந்தது. கீழே மெஷின்கள், மேல்மாடியில் குடும்பம். வெட்டிய ஜீன்ஸ் துணி டெல் அவிவின் தெற்குப் பகுதியிலிருந்து லொறியில் எல்லை தாண்டி வரும். இவர்கள் தைப்பார்கள். தைத்த காற்சட்டைகள் அதே லொறியில் திரும்பிப் போகும். அங்கே அவற்றுக்குப் பெயர்த்துணி குத்திக் கடைகளுக்கு அனுப்புவார்கள். அதை அணிந்த பலருக்கு அது எங்கே தைக்கப்பட்டது என்று தெரிந்திருக்காது. துணி அனுப்பிய வியாபாரிதான் முஅல்லிம். அவர் பாக்தாத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அங்கிருந்த யூதர்களெல்லாம் வெளியேற நேர்ந்தது. வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு வந்து இஸ்ரேலில் கூடார முகாமில் வளர்ந்தவர். அதனால் அவருக்கு அரபி வீட்டு மொழி.

"கணக்குக் கதைக்கேக்கை எபிரேயம், சண்டை பிடிக்கேக்கை அரபி. அந்தாள் ஈராக் அரபி கதைச்சால் பழங்காலத்து ராசா கதைக்கிற மாதிரி இருக்கும்" என்றார் ஷெஃப்.

பிறகு எல்லை மூடியது. காஸாவில் ஆட்சி மாறியதும் இஸ்ரேல் லொறிகளை நிறுத்திவிட்டது. தைத்து முடித்த காற்சட்டைகள் மூட்டை மூட்டையாக இந்தப் பக்கத்தில் கிடந்தன. அந்தப் பக்கத்தில் முஅல்லிமின் கடையும் மெல்லப் படுத்தது. அவர் வேறொரு நாட்டிலிருந்து துணி எடுக்கப் பார்த்தார், சரிவரவில்லை. ஷெஃப் மெஷின்களைத் துணியால் மூடிவிட்டு, எகிப்து வழியாக வெளியேறி, ஒஸ்லோவில் இருந்த மனைவியின் உறவினரிடம் வந்து சேர்ந்தார். மனைவி இங்கே வந்து சில வருடங்களில் நோயில் காலமானார். காஸா வீட்டின் மேல்மாடியில் ஷெஃபின் தங்கையின் குடும்பம் தொடர்ந்து இருந்தது.

"இஞ்சை வந்தாப் பிறகு முஅல்லிம்தான் முதல் எடுத்தவர். 'ஒஸ்லோவிலை நிக்கிறியோ? எங்கள் ரெண்டு பேரையும் ஏமாத்தின ஊர் அது'  எண்டு சொல்லிச் சிரிச்சார்."

அவர்களுக்கு ஒஸ்லோ என்பது இஸ்ரேலும் பாலஸ்தீனரும் செய்துகொண்ட ஒரு சமாதான ஒப்பந்தத்தின் பெயர். ஊரின் பெயர் என்பது அப்புறம்தான். எனக்கு அது நன்றாக விளங்கியது. எங்கள் சண்டைக்கும் நோர்வேக்காரர்தான் சமாதானம் பேசினார்கள். அந்தக் காலத்தில் வன்னியிலிருந்து என் சித்தி தொலைபேசியில் கேட்பாள்: "பிள்ளை, ஒஸ்லோவிலை என்ன முடிவாம்?" நான் அப்போது சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டிருப்பேன். முடிவு எடுக்கிற ஒஸ்லோ எந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. "நல்லாத்தான் போகுதாம் சித்தி" என்பேன். அவள் நம்பினாள்.

காஸாவிலிருந்து ஆயுதக்காரர் எல்லை தாண்டிப் போய் இஸ்ரேலிய ஊர்களைத் தாக்கிய அந்த ஒக்டோபர் சனிக்கிழமை காலை நான் வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமை கடைக்குப் போனால் ஷெஃப் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முஅல்லிமின் தங்கையின் மகன், எல்லைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டிருந்தான். ஷெஃபுக்கு அவனைத் தெரியும். சின்னவனாக இருந்தபோது துணி லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லைவரை வந்தவனாம். தொலைபேசியில் கிழவர் அழுததை மட்டும் கேட்டேன். ஷெஃப் தலையைக் குனிந்து அரபியில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார். இறந்தவருக்கு இறைவன் இரங்கட்டும் என்பதுதான் அது என்று பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு காஸாவில் குண்டுகள் விழத் தொடங்கின. தங்கை பிள்ளைகளுடன் மேல்மாடியை விட்டுத் தெற்கே நடந்தாள். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் இருவரின் குரலிலும் சிரிப்பு இல்லை. கடைசியாக அவர்கள் பேசிய நாளில் நான் சிவப்புத் திரைச்சீலை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு திடீரென்று அரபிக்கு மாறியது. ஷெஃப் ஒரு கேள்வி கேட்டார். பிறகு கிழவர் இரண்டே சொல் சொன்னார். ஷெஃப் தொலைபேசியை அணைத்தார்.

"என்ன சொன்னவர்?"

"உங்கட ஆக்கள்தான் எல்லாத்தையும் துவக்கினவை எண்டார். என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையளும் அந்த ஆக்களுக்கை அடக்கமோ எண்டு கேட்டன்."

"அதுக்கு?"

"தெரியாதாம்."

அவர் ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்து, அதில் சூடு இல்லை என்பது தெரியாமலே ஒரு சட்டையை நெடுநேரம் தேய்த்தார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் வியாழக்கிழமைகள் ஊமையாகப் போயின. வெளியே நகரம் சத்தமாக இருந்தது. சனிக்கிழமைகளில் பாராளுமன்றத்தின் முன்னால் கொடிகள், மேளம். யூதர்களின் ஆலயத்துக்கு முன்னால் துப்பாக்கியோடு பொலிஸ். இரண்டும் ஒரே பனியின் கீழ், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருந்தன. மாணவர்கள் சிலர் கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்புத் துணி கொண்டுவந்து பெரிய பாலஸ்தீனக் கொடி தைத்துத் தரக் கேட்டார்கள். ஷெஃப் தைத்துக் கொடுத்தார். ஊர்வலத்துக்கு வரச் சொன்னபோது, முழங்கால் வலி என்றார். இன்னொரு நாள், நல்ல மனிதராகத் தெரிந்த நோர்வேக்காரர் ஒருவர், கால்சட்டை நீளம் பார்க்க முக்காலியில் ஏறி நின்றுகொண்டு கேட்டார்: "அவர்கள் செய்ததை நீங்கள் கண்டிக்கிறீர்கள்தானே?" ஷெஃப் அவர் காலடியில் மண்டியிட்டிருந்தார். வாயில் குண்டூசிகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நான் அழுதேன். இந்த நீளம் காணுமா?" என்றார். அந்த மனிதர் சிவந்துபோய், காணும் என்றார்.

வீட்டில் என் மகளுடன்தான் எனக்குப் பேச்சு முட்டியது. அவள் ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் போய் வந்தாள். குரல் கட்டியிருக்கும்.

"அம்மா, உங்கட ஷெஃப் இவ்வளவு காலமும் ஒரு இஸ்ரேல்காரனோட கூட்டாளியாய் இருந்தவரோ? எப்பிடி ஏலும்?"

"ஏன் ஏலாது? எங்கட அப்பா விளைவிச்ச வெங்காயம் முழுக்க ஒரு சிங்கள முதலாளிக்குத்தானே அனுப்பினவர். சண்டையிலை பாதை பூட்டின பிறகு வெங்காயம் அறைக்குள்ளை கிடந்து முளைச்சுது. அந்த முதலாளி கொழும்பிலை என்ன யோசிச்சாரோ, எங்களுக்குத் தெரியாது."

"ரெண்டும் ஒண்டில்லை அம்மா."

"ஒண்டெண்டு நான் சொல்லேல்லை."

"பிறகு ஏன் சொன்னனீங்கள்?"

முளைத்த வெங்காயத்தின் பச்சை வாடை அந்த லோறென்ஸ்கூக் சமையலறையில் ஒரு கணம் வந்து போனது. மகள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "எனக்குக் கோவம் வருது, அவ்வளவுதான்" என்றாள்.

காஸாவின் தெற்கிலும் குண்டு விழுந்த நாட்களில் தங்கையின் தொடர்பு அறுந்தது. ஷெஃபின் தொலைபேசியில் அவள் கடைசியாக அனுப்பியது ஒரு பாதிச் சொல். அதற்குப் பிறகு வாரங்கள் போயின. அவருடைய தையற்சாலைக் கட்டடம் தரைமட்டமானதைப் படமாக யாரோ அனுப்பியிருந்தார்கள். அதை எனக்குக் காட்டினார். சாம்பல் நிறக் குவியலின் நடுவே ஒரு தையல் மெஷினின் சக்கரம் மட்டும் தெரிந்தது. அவர் உட்காராமல் நடக்கத் தொடங்கினார். வேலையின் நடுவில் எழுந்து போய் ஆற்றோரம் நடந்துவிட்டு வருவார்.

அப்படி அவர் போயிருந்த ஒரு பிற்பகல். தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்து, சார்ஜரில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். பனி பெரிய பெரிய பூக்களாக விழுந்துகொண்டிருந்தது. தெருவே சத்தமில்லாமல் உறங்கியதுபோல இருந்தது. தொலைபேசி அடித்தது. திரையில் அரபு எழுத்தில் ஒரு பெயர், எனக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய தொலைபேசியை நான் எடுப்பதில்லை. ஆனால் அது நின்று, உடனே மறுபடி அடித்தது. எடுத்தேன்.

ஓர் இருமல்.

கிழவருக்கு நொர்வேஜியன் தெரியாது. எனக்கு அரபியும் தெரியாது, எபிரேயமும் தெரியாது. இருவரிடமும் கொஞ்சம் ஆங்கிலம் இருந்தது. "அவன் எங்கே?" என்றார். வெளியே என்றேன். "அவனிடம் சொல். தங்கச்சி. உயிரோடு. பிள்ளைகளும்." ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, செவிடருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்" என்றார். சொன்னேன். "நல்லது. போ."

மேலங்கி போடாமல் ஓடினேன். மணிக்கட்டில் குண்டூசி குத்திய பஞ்சு அப்படியே இருந்தது. பாலத்தில் அவர் நின்றார். பாதி உறைந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. எனக்கு மூச்சு வாங்கியது, "தங்கச்சி..." என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லை ஷெஃப், உயிரோட இருக்கிறா! உயிரோட!"

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கண்ணிமையில் பனி.

"ஆர் சொன்னது?"

"முஅல்லிம்."

அந்தச் சொல்லை அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் கை கொடுத்துத் தூக்கினேன். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வழுக்கும் தெருவில் திரும்பி நடந்தோம். ட்ராமில் போனவர்கள் எங்களைக் குடிகாரர் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். தங்கையின் தொலைபேசி ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. அதோடு எல்லா எண்களும் போயின. கூடாரத்தில் இருந்த ஒருவரிடம் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் இஸ்ரேலிய அலையைப் பிடிக்கும் தொலைபேசி இருந்தது. அதிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது, இஸ்ரேலுக்குள் பேசலாம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தையற்சாலையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். லொறி எப்போது வரும், எத்தனை மூட்டை என்று கேட்க வருடக்கணக்காக ஓர் எண்ணைத்தான் சுழற்றியிருக்கிறாள். மனதில் நின்ற எண் அது ஒன்றுதான். அதை அழுத்தினாள். கிழவர் எடுத்தார். குரலைக் கேட்டதுமே, "லொறி இன்னும் வெளிக்கிடேல்லை பிள்ளை" என்றாராம், அந்தக் காலத்தில் சொல்வதுபோல. பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

ஷெஃப் கடைக்கு வந்து முஅல்லிமை அழைத்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்தத் தட்டில் தொலைபேசி சாய்ந்து நின்றது. கிழவர் துணிக்கு ஓடர் சொல்வதுபோலவே பேசினார்: எந்த இடம், எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல், தங்கையின் கணவர் காணாமற்போய்விட்டார். ஷெஃப் "ம், ம்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் யாரும் நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

அதன் பிறகு கிழவர்தான் அவர்களுக்குப் பாதை. தங்கை அவரை அழைப்பாள், அவர் ஒஸ்லோவை அழைப்பார். இங்கிருந்து போகும் செய்தி அதே வழியில் திரும்பிப் போகும். சண்டையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ரொட்டிக்கு மா கிடைத்ததா, கூடாரம் ஒழுகுகிறதா, சின்னவன் சாப்பிடுகிறானா என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஒரு தடவை கிழவர் மூத்த பெண்பிள்ளையின் கால் அளவைக் கேட்டு வாங்கினார். அவளுக்குச் சப்பாத்து இல்லையென்று தங்கை சொல்லியிருந்தாள். உதவிப்பொருள் அனுப்புகிற ஒருவரைத் தேடிப்பிடித்து, தள்ளாத வயதில் பஸ் ஏறிப் போய்ச் சப்பாத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். காற்சட்டை மூட்டைகள் தினமும் போய் வந்த பாதையில் இப்போது மா மூட்டைக்கே இடமில்லை. சப்பாத்து எல்லையில் எங்கோ நின்றது. போய்ச் சேரவேயில்லை.

ஒரு நாள் இருவரும் பேசி முடித்த பிறகும் ஷெஃப் தட்டின் முன்னால் நின்றுகொண்டேயிருந்தார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"முஅல்லிமின்ரை பேரனை இராணுவத்துக்குக் கூப்பிட்டிட்டினம். காஸாவுக்குள்ளைதானாம் நிக்கிறான்."

"எந்தப் பக்கம்?"

"அவருக்குச் சொல்லமாட்டானாம்." தேநீரை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "அவன் சுடுற இடத்திலை என்ரை தங்கச்சி இருக்கலாம், உக்தி. நான் தொழேக்கை ரெண்டு பேரும் தப்பவேணும் எண்டுதான் கேக்கிறன். அப்பிடிக் கேக்கலாமோ?"

"கேளுங்கோ ஷெஃப்" என்றேன்.

அந்தக் கோடையில் மூத்த பெண்பிள்ளையின் காலில் இரும்புத் துண்டு பாய்ந்தது. அந்தச் செய்தியையும் கிழவர்தான் சொன்னார். சொல்லும்போது இரண்டு தடவை இருமலில் நின்றுபோனார். இலையுதிர்காலம் வந்தபோது அவர் இல்லை. ஒரு பெண் குரல் அழைத்தது, அவருடைய மகள். அப்பா மருத்துவமனையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். ஷெஃப் எபிரேயத்தில் சில சொற்கள் சொல்லிவிட்டு வைத்தார். வெளியே இலைகள் ட்ராம் தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெளிச்சம் தேன்போலக் கெட்டியாக இருந்தது.

"அவையின்ரை வீட்டிலை இப்ப எல்லாரும் நிலத்தோட குந்தியிருப்பினம், ஏழு நாள்" என்றார். "அவரின்ரை தாய் செத்தபோது நான் எல்லை தாண்ட அனுமதி எடுத்துப் போய் இருந்தனான். எனக்கு முட்டை அவிச்சுத் தந்தவை. இப்ப எங்கை போய் இருக்கிறது?"

அடுத்த நாள் காலை கடையைத் திறக்காமல் வாசலிலேயே எனக்காக நின்றார். நல்ல கோட்டுப் போட்டிருந்தார்.

"என்னோட ஒரு இடத்துக்கு வாறியளோ? தனியப் போனால் பயப்பிடுவினம்."

யூதர்களின் ஆலயத்துக்குத்தான். மேட்டுத் தெருவில் நடந்தோம். முன்னால் தடுப்புகள், ஆயுதத்தோடு இரண்டு பொலிஸ்காரர். ஷெஃப் தூரத்திலேயே நின்று, கைகளை எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். சோதனைச்சாவடிகளில் நின்றவர்களின் உடம்பு அதை மறப்பதில்லை. என் கைகளும் தாமாகவே கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்திருந்தன.

பொலிஸ் கேட்டதும் சொன்னார்: "நான் காஸாவிலையிருந்து வந்தனான். டெல் அவிவிலை என்ரை சிநேகிதர் செத்திட்டார். அவருக்கு இவையின்ரை முறைப்படி பிரார்த்தனை செய்யக் கேக்க வந்தனான்."

பொலிஸ்காரர் அவரை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். உள்ளே பேசினார். கொஞ்ச நேரத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் வந்து வாயிற்கதவைத் திறக்காமலே கம்பிக்குப் பின்னால் நின்றார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். ஷெஃப் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், காற்சட்டை, லொறி, தங்கை, தொலைபேசி எண் என்று எல்லாவற்றையும். இலைகள் விழுந்துகொண்டிருந்தன. தாடிக்காரரின் முகம் அசையவேயில்லை.

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

ஷெஃப் சொன்னார்.

"தகப்பனார் பெயர்? பிரார்த்தனையில் இன்னாருடைய மகன் என்று சொல்லவேண்டும்."

ஷெஃப் முஅல்லிமோடு இத்தனை வருடம் பேசியவர். பாக்தாத் கடையில் அந்தத் தகப்பன் ஏலக்காய் இடித்த கதைகூடக் கேட்டவர். பெயர் மட்டும் தெரியவில்லை. "பொறுங்கோ, பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டே முஅல்லிமின் மகளைத் தொலைபேசியில் அழைத்தார். தெருவில் நின்றபடியே பேசினார். அவள் ஏதோ கேட்டாள். இவர் பதில் சொன்னார். பிறகு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடையில் நின்றது. தொலைபேசியைக் கம்பி வழியாக நீட்டினார். தாடிக்காரர் அவளிடமிருந்தே பெயரைக் கேட்டுக்கொண்டார். அவரும் எபிரேயத்தில் ஏதோ சொல்லி, தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சனிக்கிழமை சொல்லுகிறோம்" என்றார். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கம்பிகளுக்கிடையால் கையை நீட்டினார். ஷெஃப் அதை இரண்டு கையாலும் பிடித்தார்.

இறக்கத்தில் நடக்கும்போது கேட்டேன், மகள் என்ன சொன்னாள் என்று.

"என்ரை தங்கச்சி நேற்று எடுத்திருக்கிறா. முஅல்லிமை எண்டு நினைச்சு. மகள்தான் எடுத்தவ, அப்பா செத்திட்டார் எண்டு சொன்னவவாம். என்ரை தங்கச்சி கூடாரத்துக்குள்ளை இருந்து ஒப்பாரி வைச்சு அழுதாவாம். செத்த வீட்டிலை இருந்த ஆக்கள் எல்லாருக்கும் கேட்டுதாம். சிலபேர் எழும்பிப் போட்டினமாம். சிலபேர் இருந்தவையாம்." அவர் நின்று மூக்கைத் துடைத்தார். "அந்தாள் கடைசிவரைக்கும் எனக்கு மன்னிப்புச் சொல்லேல்லை, உக்தி. நானும் சொல்லேல்லை. சண்டை தீராமலே போட்டார்."

காஸாவில் போர் கொஞ்சக்காலம் நின்ற நாட்களில் காயப்பட்ட சிலரை எகிப்துக்குப் போகவிட்டார்கள். மூத்த பெண்பிள்ளையின் பெயரும் அதில் இருந்தது, தாயும் கூடப் போகலாம். சின்னப் பிள்ளைகளை ஒரு உறவினரிடம் விட்டுவிட்டுத் தங்கை அவளோடு கெய்ரோ போனாள். பிறகு எல்லை மறுபடி மூடியது. சின்னப் பிள்ளைகள் இன்னும் காஸாவில், தாய் கெய்ரோவில் என்றாகிவிட்டது. முஅல்லிமின் மகள் இப்போதும் எப்போதாவது குறுஞ்செய்தி அனுப்புவாள். பேரன் திரும்பி வந்துவிட்டானாம், யாரோடும் பேசுவதில்லையாம். அதற்கு மேல் அவள் எழுதவில்லை, ஷெஃபும் கேட்கவில்லை.

பனி உருகத் தொடங்கியபோது ஷெஃப் கடைச் சாவியை என்னிடம் தந்துவிட்டுக் கெய்ரோவுக்குப் பறந்தார். சில நாள் கழித்து ஒரு படம் வந்தது. மருத்துவமனை வராந்தா, மஞ்சள் வெயில். ஒல்லியான பெண்பிள்ளை ஊன்றுகோல்களில் நின்று கமராவைப் பார்க்காமல் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஜீன்ஸ் போட்டிருந்தாள். சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அந்தப் பக்கத்தை ஷெஃப் அதற்கேற்றபடி மடித்துத் தைத்திருந்தார். மெஷின் கிடைக்கவில்லை போலும், கைத்தையல். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இழைகள் ஒரு நேரில் இல்லை. அவர் தைத்து அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.